தீப்பெட்டி டாங்கிக்குத் துரு பிடிக்க வைப்போமா?



புதுப் பொம்மை ஒன்று கைக்கு வந்தால் என்ன செய்வீர்கள்? கீறல் விழாமல் பார்த்துக்கொள்வீர்கள். தம்பி, தங்கை தொட்டால் ஒரு சண்டையே நடக்கும். ஆனால் உலகம் முழுக்க ஒரு வேடிக்கையான கூட்டம் இருக்கிறது. அவர்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்து ஒரு குட்டி டாங்கி பொம்மையைச் செய்வார்கள். பளபளவென்று பச்சை பெயின்ட் அடிப்பார்கள். அப்புறம் அதை வேண்டுமென்றே அழுக்காக்கி, சேறு பூசி, துரு பிடித்த மாதிரி மாற்றுவார்கள்!

'அடடா, ஏன் இப்படி?' என்று கேட்கிறீர்களா? பளபளவென்று இருந்தால் அது பொம்மை. துருவும் தூசியும் சேர்ந்தால்தான் அது மழையிலும் வெயிலிலும் ஓடிய நிஜ டாங்கி மாதிரி தெரியும். இந்த வாரம் நாமும் அந்த வித்தையைக் கற்றுக்கொள்வோம். விலை உயர்ந்த பொம்மை எதுவும் வேண்டாம். மூன்று காலித் தீப்பெட்டியும் கொஞ்சம் செங்கல் பொடியும் வீட்டில் கிடைக்கும் சில பொருட்களும் போதும். என்ன, தயாரா?

ஏரிக்கும் டாங்கிக்கும் ஒரே பெயர்!

முதலில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கும் உத்திரமேரூருக்கு ஒரு நடை போய் வருவோம். 'அது குடவோலைக் கல்வெட்டு இருக்கும் ஊராயிற்றே!' என்று சமூக அறிவியல் படித்தவர்கள் உடனே சொல்லிவிடுவீர்கள். சோழ மன்னர் முதலாம் பராந்தகன் காலத்தில், சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன்பு, கிராம சபைக்கு உறுப்பினர்களை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அங்கே கல்லில் வெட்டி வைத்தார்கள். அப்படித் தேர்ந்தெடுத்த குழுக்களில் ஒன்றின் பெயர் 'ஏரி வாரியம்'. ஊர் ஏரியைப் பராமரிப்பதுதான் அதன் வேலை. உத்திரமேரூர் ஏரி இன்றும் இருக்கிறது. பழைய கல்வெட்டுகளில் அதற்கு வைரமேகத் தடாகம் என்று பெயர்.

ஏரிக்கும் டாங்கிக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது! நம் ஊர் ஏரி, குளங்களை ஆங்கிலேயர்கள் 'டேங்க்' என்றுதான் எழுதினார்கள். தண்ணீர்த் தொட்டிக்கும் அதே பெயர்தான். முதல் உலகப் போர் நடந்தபோது, இங்கிலாந்தில் ரகசியமாக ஒரு புது வகைப் போர் வண்டியைத் தயாரித்தார்கள். எதிரி நாட்டு ஒற்றர்களுக்கு விஷயம் தெரியக்கூடாது அல்லவா? அதனால், 'இது தண்ணீர் கொண்டுபோகும் தொட்டி' என்று சொல்லி வைத்தார்கள். பார்வைக்கும் அது பெரிய இரும்புத் தொட்டி மாதிரியே இருந்தது. 1916-ம் ஆண்டு செப்டம்பர் 15-ம் தேதி, பிரான்ஸ் நாட்டுப் போர்க்களத்தில் அந்த வண்டி முதன்முதலாக இறங்கியது. பொய்ப் பெயரே நிஜப் பெயராக ஒட்டிக்கொண்டது!

நம் ஊரில் பிறந்த விஜயந்தா

டாங்கி என்றால் வெளிநாடுதான் என்று நினைத்துவிடாதீர்கள். சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் ஆவடியில்தான் இந்தியாவின் டாங்கித் தொழிற்சாலை இருக்கிறது. 1965-ம் ஆண்டு அங்கிருந்து 'விஜயந்தா' என்ற டாங்கி வெளியே வந்தது. எடை சுமார் 39 டன். உள்ளே 4 வீரர்கள் உட்காரலாம். அதன் பீரங்கிக் குழாயின் விட்டம் 105 மில்லிமீட்டர். 1971-ம் ஆண்டுப் போரிலும் விஜயந்தா பங்கேற்றது. பல ஆண்டுகள் உழைத்த பிறகு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டது. அதற்குப் பின் வந்த 'அர்ஜுன்' டாங்கியும் ஆவடிப் பிள்ளைதான். அதன் எடை 58 டன்னுக்கும் அதிகம்!

ஓய்வு பெற்ற டாங்கிகளைச் சில ஊர்களில் காட்சிக்கு நிறுத்தி வைத்திருப்பார்கள். அடுத்த முறை அப்படி ஒன்றைப் பார்த்தால் சும்மா போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். எங்கே பெயின்ட் உரிந்திருக்கிறது, எங்கே தண்ணீர் தேங்கிய தடம் இருக்கிறது என்று உற்றுப் பாருங்கள். அதுதான் உங்களுக்கு முதல் பாடம்.

துரு என்றால் என்ன?

இரும்பு, தண்ணீர், காற்றில் இருக்கும் ஆக்சிஜன். இந்த மூன்றும் சேர்ந்தால் துரு. நீர் கலந்த இரும்பு ஆக்சைடு என்று அறிவியல் ஆசிரியர் சொல்வார். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் துரு பிடிக்காது.

நம்பிக்கை இல்லையா? நீங்களே சோதித்துப் பாருங்கள். சாதாரண இரும்பு ஆணிகள் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை உலர்ந்த தட்டில் வையுங்கள். இரண்டாவதை ஈரத் துணியில் வையுங்கள். மூன்றாவதை உப்புத் தண்ணீரில் நனைத்த துணியில் வையுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். உலர்ந்த ஆணி அப்படியே இருக்கும். ஈரத் துணி ஆணியில் துரு எட்டிப் பார்க்கும். உப்புத் துணி ஆணியில் துரு அதிகமாகவே இருக்கும். கடற்கரை ஊர்களில் ஜன்னல் கம்பிகள் சீக்கிரம் துருப்பிடிக்கும் ரகசியம் இப்போது புரிகிறதா?

இன்னொரு விஷயம். இரும்பு துருவாக மாறும்போது முன்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பெயின்ட்டுக்கு அடியில் துரு நுழைந்தால், பெயின்ட் கொப்புளம் மாதிரி உப்பி உதிர்கிறது. புதுத் துரு ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். பழைய துரு கரும்பழுப்பாக மாறிவிடும். இந்த இரண்டு நிறங்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் வேலைக்கு ரொம்ப முக்கியம்!

தேவையான பொருட்கள்

காலித் தீப்பெட்டி - 3
தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனா ரீஃபில் - 1
பழைய சட்டைப் பொத்தான்கள் - 10
மடிப்பு மடிப்பாக இருக்கும் பார்சல் அட்டை - கொஞ்சம்
ஃபெவிகால், செய்தித்தாள் துண்டுகள்
ஃபேப்ரிக் பெயின்ட்: வெள்ளை, பச்சை, மஞ்சள், பழுப்பு, ஆரஞ்சு, கறுப்பு
பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் - ஒரு சின்னத் துண்டு
தூளாக்கிச் சலித்த செங்கல் பொடி, காவிப்பொடி
நிறையக் கறுப்பாக எழுதும் பென்சில்

சாதாரண வாட்டர் கலர் வேண்டாம். அது காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் கரையும். அக்கா, அம்மா துணியில் பூ வரைய வைத்திருக்கும் ஃபேப்ரிக் பெயின்ட் காய்ந்துவிட்டால் கரையாது. மேலே மேலே பூசலாம். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்காமல் எடுத்தால் நான் பொறுப்பில்லை!

எவ்வளவு பெரிதாகச் செய்வது?

விஜயந்தாவின் உடல் நீளம் சுமார் 8 மீட்டர். அதாவது 800 செ.மீ. மாடல் செய்கிறவர்கள் நிஜ அளவை ஒரு எண்ணால் வகுப்பார்கள். 35-ஆல் வகுத்தால் சுமார் 23 செ.மீ. 72-ஆல் வகுத்தால் சுமார் 11 செ.மீ. இந்த இரண்டு அளவுகளும் உலகம் முழுக்கப் பிரபலம்.

35 எப்படி வந்தது தெரியுமா? 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா நிறுவனம், மோட்டாரில் ஓடும் ஒரு டாங்கி மாடலைத் தயாரித்தது. உள்ளே பேட்டரி அடங்க வேண்டும் என்பதற்காக ஒரு அளவை வைத்துக்கொண்டார்கள். பிறகு கணக்குப் பார்த்தால் அது நிஜ டாங்கியில் 35-ல் ஒரு பங்காக இருந்தது! பேட்டரிக்காக வைத்த அளவு, உலகம் பின்பற்றும் அளவாகிவிட்டது.

நமக்கு 72 போதும். இரண்டு தீப்பெட்டிகளை நீளவாக்கில் ஒட்டினால் ஏறக்குறைய அந்த அளவு வந்துவிடும். இந்த அளவில் ஒரு மனிதர் எவ்வளவு உயரம் இருப்பார்? 175 செ.மீ. உயரமுள்ளவரை 72-ஆல் வகுத்துப் பாருங்கள். இரண்டரை செ.மீ. கூட வரமாட்டார்!

டாங்கி செய்வோம்

இரண்டு தீப்பெட்டிகளை ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டுங்கள். இது உடல். மூன்றாவது பெட்டியை ஓரங்களில் சரிவாக வெட்டி மேலே ஒட்டுங்கள். இது சுழலும் கோபுரம். ரீஃபிலை 7 செ.மீ. நீளத்துக்கு நறுக்கி, மை முனையை எறிந்துவிட்டு, கோபுரத்தில் செருகுங்கள். பீரங்கி ரெடி! பக்கத்துக்கு ஐந்தாகப் பொத்தான்களை ஒட்டினால் சக்கரங்கள். பார்சல் அட்டையின் மேல்தாளை உரித்தால் உள்ளே அலை அலையாக மடிப்பு தெரியும். அதை ஒரு செ.மீ. அகலத்துக்கு வெட்டிச் சக்கரங்களைச் சுற்றி ஒட்டுங்கள். டாங்கியின் சங்கிலிப் பட்டை மாதிரியே இருக்கும். பின்பக்கம் ரீஃபிலின் மிச்சத் துண்டு இரண்டை ஒட்டுங்கள். இவை புகைக்குழாய்கள்.

பிறகு செய்தித்தாள் துண்டுகளை நீர்த்த ஃபெவிகாலில் நனைத்து எல்லாவற்றின் மேலும் ஒட்டுங்கள். தீப்பெட்டிப் படம் மறைந்து, உடல் கெட்டியாகும். நன்றாகக் காய்ந்ததும் முதலில் வெள்ளைப் பூச்சு.

'நேராகப் பச்சை அடித்தால் என்ன?' என்று கேட்காதீர்கள். காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரத் தெரு என்றே ஒரு தெரு உண்டு. நவராத்திரிக் கொலுவுக்குக் காகிதக் கூழிலும் களிமண்ணிலும் பொம்மை செய்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். கொலு பொம்மைக்கும் முதலில் வெள்ளைப் பூச்சுதான். அதன் மேல்தான் வண்ணம் எடுப்பாக நிற்கும். நாமும் அப்படியே செய்வோம்.

வெள்ளை காய்ந்ததும், பச்சையில் கொஞ்சம் பழுப்பும் கொஞ்சம் மஞ்சளும் கலந்து அடியுங்கள். காய்ந்த வாழை இலை போல ஒரு மங்கல் பச்சை கிடைக்கும். ஒரு ராத்திரி முழுக்கக் காயவிடுங்கள். அவசரப்பட்டால் எல்லாம் கெட்டுப்போகும்!

இனி துரு!

தூரிகையைத் தொடுவதற்கு முன் ஒரு நிமிடம். முதல் தடவை செய்கிற எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். ஆரஞ்சு பெயின்ட்டை எடுத்து டாங்கி முழுக்கப் பூசிவிடுவார்கள். டாங்கி, செம்மண்ணில் புரண்ட எருமைக்கன்று மாதிரி ஆகிவிடும். துரு எல்லா இடத்திலும் வருவதில்லை. அதற்கு வரக் காரணம் வேண்டும்.

உங்கள் வீட்டு வாசல் கேட், பழைய சைக்கிள், அடிபம்பு, எதையாவது ஒன்றைப் போய்ப் பாருங்கள். துரு எங்கே இருக்கிறது? கை பட்டுப் பெயின்ட் தேய்ந்த விளிம்பில். இரண்டு கம்பிகள் சேரும் மூலையில். தண்ணீர் தேங்கும் அடிப்பாகத்தில். போல்ட்டைச் சுற்றி. அங்கிருந்து ஒரு பழுப்புக் கோடு கீழ்நோக்கி இறங்கும். மேல்நோக்கி ஏறவே ஏறாது! மழைநீர் எந்தப் பக்கம் வழியுமோ அந்தப் பக்கம்தான் துருக் கறையும் வழியும். பார்த்துவிட்டீர்களா? இப்போது தொடங்கலாம்.

1. ஒற்றி எடுத்தல்: ஸ்பாஞ்ச் துண்டைக் கரும்பழுப்புப் பெயின்ட்டில் லேசாகத் தொட்டு, பழைய காகிதத்தில் நாலைந்து தடவை ஒற்றுங்கள். பெயின்ட் ஏறக்குறைய தீர்ந்த பிறகு டாங்கியின் விளிம்புகளில் மெல்ல ஒற்றுங்கள். பெயின்ட் உரிந்த புள்ளிகள் தானாக வரும். கறுப்பும் பழுப்பும் கலந்தால் கரும்பழுப்பு.

2. வழியும் கோடு: மெல்லிய தூரிகையால் ஒரு புள்ளியின் கீழே ஆரஞ்சுக் கோடு ஒன்று போடுங்கள். அது காய்வதற்குள் ஈரத் தூரிகையால் கீழ்நோக்கி இழுங்கள். கோடு மேலே அழுத்தமாகவும் கீழே மங்கலாகவும் முடியும். ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு போதும்.

3. இடுக்கில் இறங்கும் நிறம்: பழுப்புப் பெயின்ட்டில் நிறையத் தண்ணீர் கலந்து டீத்தண்ணி போல ஆக்குங்கள். கோபுரமும் உடலும் சேரும் இடத்தில் ஒரு சொட்டு வையுங்கள். அது தானாக இடுக்கில் ஓடி உட்கார்ந்துகொள்ளும்.

4. புகைக்குழாய்: டாங்கியில் அதிகம் துருப்பிடிக்கும் இடம் இதுதான். சூட்டில் பெயின்ட் கருகிப்போவதால் இரும்பு வெறுமையாக நிற்கும். அங்கே நீர்த்த ஃபெவிகால் தடவி, செங்கல் பொடியும் காவிப்பொடியும் தூவுங்கள். ஊதிவிட்டால் மிச்சப் பொடி பறந்துவிடும். சொரசொரப்பான துரு ரெடி! பொடி மூக்கில் ஏறாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

5. இரும்பின் பளபளப்பு: சங்கிலிப் பட்டையைக் கரும்பழுப்பாக்குங்கள். காய்ந்ததும் மேடான இடங்களில் மட்டும் பென்சிலின் பக்கவாட்டால் தேயுங்கள். தரையில் உரசிய இரும்பு போல மின்னும். கடைசியாக, சலித்த மண்ணை ஃபெவிகாலில் குழைத்து அடிப்பாகத்தில் சேறு பூசுங்கள்.

உங்களுக்குத் தெரியுமா?

செங்கல் ஏன் சிவப்பாக இருக்கிறது? களிமண்ணில் இருக்கும் இரும்பு, சூளையில் வேகும்போது ஆக்சிஜனோடு சேர்ந்து இரும்பு ஆக்சைடாக மாறுவதால்தான். செம்மண்ணின் சிவப்பும், கோயில் மதிலில் தெரியும் காவிப் பட்டையின் சிவப்பும் இரும்பு ஆக்சைடுதான். வானத்தில் செவ்வாய்க் கிரகம் சிவந்திருப்பதும் அதனால்தான். ஆக, நீங்கள் டாங்கியில் தூவியது பொய்த் துரு இல்லை. துருவின் சொந்தக்காரரைத்தான்!

உங்கள் டாங்கியின் கதை என்ன?

இப்போது ஒரு கேள்வி. உங்கள் டாங்கி எங்கே இருக்கிறது? ஓடிக்கொண்டிருக்கிறதா, ஓய்வு பெற்றுவிட்டதா?

ஓடுகிற டாங்கி என்றால் வீரர்கள் அதை நன்றாகப் பராமரிப்பார்கள். அதனால் துரு குறைவு. தூசியும் சேறும் அதிகம். சங்கிலிப் பட்டை பளபளக்கும். 20 வருடமாக வெட்டவெளியில் நிற்கிற டாங்கி என்றால் பட்டையில் பளபளப்பே இருக்காது. எல்லாம் பழுப்பு. வெயிலில் பச்சை வெளிறியிருக்கும். அடியில் புல்கூட முளைத்திருக்கும். பளபளக்கும் பட்டையும், புல் முளைத்த சக்கரமும் ஒரே டாங்கியில் இருந்தால் பார்ப்பவர் சிரித்துவிடுவார்! முதலில் கதையை முடிவு செய்யுங்கள். பிறகு பெயின்ட்டைத் திறங்கள்.

பொம்மைக்கு அழகு, பாலத்துக்கு ஆபத்து

பொம்மையில் துரு அழகுதான். நிஜத்தில்? ராமேசுவரத்துக்குப் போகும் பழைய பாம்பன் ரயில் பாலம் 1914-ம் ஆண்டு திறக்கப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேல் உப்புக் காற்றோடு போராடியது. துரு அரிப்பால் பலவீனமடைந்ததால் 2022-ம் ஆண்டு டிசம்பரில் அதில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. பக்கத்திலேயே கட்டிய புதிய பாலம் 2025-ம் ஆண்டு ஏப்ரல் 6-ம் தேதி திறக்கப்பட்டது. அதில் துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பிகளையும், கடல் காற்றைத் தாங்கும் சிறப்புப் பூச்சையும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஏரி மதகில் இருக்கும் இரும்பு ஷட்டரை நினைத்துப் பாருங்கள். எப்போதும் ஈரத்திலேயே நிற்கிறது. திருகு தண்டுக்கு கிரீஸ் போடாமல் விட்டால் துருவேறி இறுகிவிடும். நடவு நேரத்தில் திறக்க முடியாமல் போனால் வயலுக்குத் தண்ணீர் எப்படிப் போகும்? மழைக்காலத்தில் மூட முடியாமல் போனால் ஏரியில் தண்ணீர் எப்படி நிற்கும்? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஏரியைக் கவனிக்க ஒரு தனி வாரியம் வைத்தார்களே, ஏன் என்று இப்போது புரிகிறது அல்லவா? எந்தப் பொருளையும் செய்து வைத்தால் மட்டும் போதாது. யாராவது ஒருவர் தொடர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். (மதகைப் பார்க்கப் போனால் பெரியவர்களோடு மட்டும் போங்கள். தண்ணீரில் இறங்காதீர்கள்!)

துருப்பிடிக்காத தூண்!

டெல்லியில் குதுப்மினார் பக்கத்தில் ஒரு இரும்புத் தூண் நிற்கிறது. உயரம் சுமார் 7 மீட்டர். எடை 6 டன்னுக்கும் அதிகம். வயது சுமார் 1,600 ஆண்டுகள். இத்தனை மழையிலும் அது துருப்பிடித்து உதிரவில்லை! அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் மேலே மெல்லிய பாதுகாப்புப் படலம் ஒன்று உருவாகி, உள்ளே இருக்கும் இரும்பைக் காக்கிறது. கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் இதை ஆராய்ந்து விளக்கினார்.

ஒரு எச்சரிக்கை

துருப்பிடித்த ஆணி குத்தினால் 'துருவால் நோய் வந்துவிடும்' என்பார்கள். உண்மையில் டெட்டனஸ் நோயைத் தருவது துரு அல்ல. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா. ஆணி குத்தும்போது அது காயத்தின் ஆழத்துக்குப் போய்விடும். துரு இல்லாத முள் குத்தினாலும் இதே ஆபத்து உண்டு. எனவே மறைக்காமல் உடனே வீட்டில் சொல்லுங்கள். காயத்தைக் கழுவி, டாக்டரிடம் காட்டுங்கள்.

சரி குட்டீஸ், டாங்கி காய்ந்துவிட்டதா? அதை ஜன்னல் மேல் வைத்து எட்ட நின்று பாருங்கள். தீப்பெட்டி என்று யாராவது சொன்னால் கேளுங்கள்!

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. துரு எங்கெல்லாம் வரும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். உங்கள் சைக்கிளைத் திருப்பிப் போடுங்கள். சங்கிலி, போல்ட், பெயின்ட் உரிந்த இடம் எல்லாவற்றையும் துடையுங்கள். சங்கிலிக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

துரு டாங்கியோடு நிற்கட்டும். சைக்கிளுக்கு வேண்டாம்!